பதிவறை அக்கா வைத்த பரீட்சை

ஆஸ்பத்திரிப் பதிவறையில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவளை எல்லோரும் 'ஏன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் முதலில் "ஏன்?" என்பாள்.

திங்கட்கிழமை காலையில் நோயாளிகள் கூட்டம் அலைமோதும். மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய சர்வர் திணறிப்போய் நின்றுவிடும். வரிசையில் நிற்பவர்களின் திட்டெல்லாம் அவளுக்குத்தான். கடைசியில் பெரிய டாக்டரே, "கிளவுடுக்குப் போயிடலாம்மா, இன்டர்நெட் வழியா வாடகை சர்வர். ஒரு கம்பெனிக்காரர் வர்றார், பேசிப் பாரு" என்றார்.

விற்பனைக்காரர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

"நூத்துக்கு நூறு கிளவுடு மேடம். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்."

"திறந்துகிட்டே போடுறேனே. திடீர்னு கூட்டம் கூடிடுச்சு, ரெண்டு மடங்கு சர்வர் வேணும். என்ன செய்யணும்?"

"ஒரு மெயில் போடுங்க. எங்க ஆளுங்க ரெண்டே நாள்ல மாட்டிக் கொடுத்துடுவாங்க."

"சாயங்காலம் கூட்டம் கலைஞ்சதும் குறைக்கணுமே?"

"அது முடியாது மேடம். வருஷ ஒப்பந்தம்."

"அப்போ எங்க மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பெட்டி உங்க மாடிப்படிக்குக் கீழே வந்துடுது. அவ்வளவுதானே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் நெளிந்தார். "வந்தவர்கிட்ட இப்படியாம்மா, முகத்துல அடிச்ச மாதிரி?"

"கேட்ட நேரத்துல நானே எடுத்துக்கணும் ஐயா. வேண்டாதப்போ விட்டுடணும். எடுத்த அளவுக்கு மட்டும் மீட்டர் ஓடணும். இது எதுவுமே இல்லாம கிளவுடுன்னு பேர் வெச்சா? சர்க்கரைன்னு எழுதி நக்கினா இனிக்குமா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

இன்னொரு கம்பெனி தன் கிளவுடை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. அந்தத் திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு வரிசை வாசலைத் தாண்டியது. அவள் யாருக்கும் போன் போடவில்லை. தன் மேஜையிலிருந்தே இரண்டு சர்வரை நான்காக்கினாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஏழு கவுண்டரும் தடையில்லாமல் ஓடின. மத்தியானம் கூட்டம் வடிந்ததும் நான்கை மறுபடி இரண்டாக்கினாள். மீட்டர் ஓடும் வேகமும் கூடவே குறைந்தது. வீட்டிலிருந்தும் அதே திரையைத் திறந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரின் மேஜைமேல் அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தை வைத்தாள். அவர் பேனாவைத் திறந்தார்.

"படிச்சுப் பாக்கலையா ஐயா?"

"நீ படிச்சிருப்பியேம்மா. எங்க போடணும், சொல்லு."