கயிற்றின் கடைசி ஆள்

எங்கள் குப்பத்தில் மாதா கோயில் திருவிழாவுக்குப் பெண்களும் கயிறு இழுப்போம். வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் போட்டி. கடலரிப்புக்குக் கல் கொட்டிய பிறகு மிச்சம் கிடக்கிற துண்டு மணலில்தான் நடக்கும். வடக்குத் தெருவுக்குக் கடைசி ஆள் நான். கல்யாணமாகி வந்த புதிதில் பிடித்த இடம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் விடவில்லை. கடைசியில் நிற்கிறவள்தான் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மணலில் புதைத்து, மல்லாக்கச் சாய வேண்டும். முன்னால் நிற்கிறவர்கள் கை நழுவினாலும் அவள் நழுவக் கூடாது. சும்மா யாருக்கும் கொடுத்துவிடுகிற இடமில்லை அது.

போன திருவிழாவுக்கு முந்தின திருவிழா. விசில் ஊதினதும் எதிர்த் தெரு ஒரே வெட்டாக வெட்டி இழுத்தது. நான் காலை மாற்றி ஊன்றினேன். டப்பென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து குதிகாலுக்கு மேலே ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் நாத்தனார் நிற்கிறாள். வேறு ஆளே இல்லை.

"அடியே, எதுக்குடி ஒதச்ச?"

"நான் இன்னாத்துக்கு அண்ணி ஒதைக்கப் போறேன்? குடத்த வச்சுக்கினு ஒதைக்க முடியுமா?"

"ஒதச்சிட்டுப் பேச்சப் பாரு!"

தெற்குத் தெரு முழுக்கச் சிரித்தது. அவள் குடத்தை இறக்கிவிட்டு என் காலைத் தடவிப் பார்த்தாள். விறைப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல் உள்ளே போனது.

"அண்ணி, இங்க பள்ளமா கீதே!"

அதற்குள் ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். எங்கள் பக்கம் கால் பிசகினால் முதலில் உருவித்தான் விடுவார்கள். நாத்தனார் கிண்ணத்தைப் பிடுங்கிக் கல் மேல் வைத்தாள். "யாராச்சும் அந்தக் கால்ல கை வச்சீங்க, பேஜாராயிடும், சொல்லிட்டேன்" என்றாள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டில், அவள் இறங்கி டிரைவர்களைத் திட்டித் திட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கள் ஆட்டோவுக்கு வழி வாங்கினாள்.

நாங்கள் குதிகால் நரம்பு என்று சொல்கிற அந்தத் தசைநார் அறுந்துவிட்டது என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். அறுகிறபோது யாரோ பின்னாலிருந்து உதைத்ததாகத்தான் எல்லாரும் சொல்வார்களாம்.

"கேட்டுக்கோ அண்ணி. டாக்டரே சாட்சி" என்றாள் இவள்.

ஆபரேஷன் ஆயிற்று, மாவுக்கட்டு ஆயிற்று. எனக்குத் தலை வாரியதும் அவள்தான், கஞ்சி கொண்டு வந்து வைத்ததும் அவள்தான். கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் வற்றிப்போய், அது என் காலா என்று இருந்தது. காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், "சரியானதும் உங்களுக்கு என்ன செய்யணும்மா?" என்று கேட்டாள். கயிறு இழுக்க வேண்டும் என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை மாதாவிடம் சொல்லிக் கும்பிடுகிறேன். "அப்படின்னா இந்த ஒத்தக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கிக் காட்டுங்க. அதுவரைக்கும் கயிறு பக்கமே போகக் கூடாது" என்றாள்.

தூக்கிப் பார்த்தேன். ஆணி அடித்த மாதிரி தரையிலேயே கிடந்தது.

பிடித்துக்கொண்டு பழக எங்கள் வீட்டில் சுவர்தான் உண்டு. சுவரோடு எவ்வளவு நேரம் நிற்பது? தெருமுனை அடிபம்புக்குப் போனேன். கைப்பிடி மேலே போகும்போது நானும் எழும்புவேன், கீழே வரும்போது நானும் இறங்குவேன். முதலில் இரண்டு கால், பிறகு நல்ல காலில் பாரத்தைக் குறைத்துக் குறைத்து.

"இன்னா ஆயா, தண்ணி அடிக்கிறியா, டான்ஸ் ஆடறியா?" என்றாள் குடத்தோடு வந்த ஒரு சின்னப் பெண்.

"ரெண்டும்தான்டி. குடத்த வையி."

குடங்கள் வந்துகொண்டே இருந்தன. லாரித் தண்ணீர் வந்த நாளில்கூட வந்தன. எனக்கு ஒரே ஆச்சரியம், இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்று. பிறகுதான் தெரிந்தது, நாத்தனார் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறாள்: "அண்ணி பம்பாண்ட நின்னா, காலிக் குடம் இல்லாம வராதீங்க." இருக்கிற தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தவர்களும் உண்டாம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் என் கால் கடன்பட்டது.

ஒருநாள் காலையில் அவள் என் காலடியில் குந்தி உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் விரலை நீட்டினாள்.

"அண்ணி! வெரலு பூந்துடுச்சு!"

நண்டுக்குஞ்சு நுழைகிற இடம்தான். போதாதா?

நன்றாக எழும்ப வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண் கை தட்டினாள். கயிறு பிடிக்கலாம் என்றாள். கூடவே, "முதல் வெட்டு முழுசும் கடைசி ஆள் காலுக்குத்தான் போகும். இந்த வருஷம் அந்த இடம் மட்டும் வேண்டாம்மா" என்றாள். வீட்டுக்கு வந்து அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் திருவிழாவுக்கு மணலில் இறங்கினேன். நான் இல்லாத வருஷம் கடைசியில் நின்றவள் நாத்தனார். அவள் கயிற்று நுனியை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா அண்ணி, உன் எடம்."

தெற்குத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கை போனது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவள் கையையே மூடி, "நீயே நில்லு. இன்னும் ஒரு வருசம் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

விசில். வெட்டு வந்தது. குதிகாலைப் புதைத்தேன். டப்பென்று எதுவும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சுதான் கேட்டது. இத்தனை வருஷம் கயிறு இழுத்ததில் எனக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தது அதுதான் முதல் தடவை.

தோற்றுப்போனோம். கயிறு தளர்ந்ததும் திரும்பினேன். தலையெல்லாம் மணலாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அண்ணி, ஒதச்சேனா?"

"ஒதச்சிருந்தா ஜெயிச்சிருப்போம்டி" என்று சொல்லி, கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.