கதவுக்குள் இல்லாத மோட்டர்

இன்று காலை கலஹாவிலிருந்து காரில் மலையிறங்கி வரும்போது, அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னல் கண்ணாடி திடீரென்று கதவுக்குள் விழுந்துவிட்டது. நல்ல மழை. பேராதனை வருவதற்குள் அம்மா தொப்பலாக நனைந்துவிட்டார்.

அந்தக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் ஷட்டர் நான் கார் வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. சுவிட்சை அழுத்தினால் சத்தமே வராது.

விற்றவர் எங்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் சிவா அண்ணா.

"சுவிட்சுல தூசி தங்கச்சி, வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

போன வாரம்கூட அவரே வீட்டுக்கு வந்து ஃபியூஸ் மாற்றினார், புது சுவிட்ச் போட்டார். அரை மணித்தியாலம் வியர்க்க வியர்க்கக் குனிந்து பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இன்று கராஜில் நஸீர் நானா கதவின் உள்பக்கத்தைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இதுல மோட்டரே இல்லியே! கண்ணாடிக்கு முட்டுக் குடுத்த பலகைத் துண்டுதான் இரிக்கி. அதுதான் இப்ப நழுவிட்டுது."

அங்கிருந்தே சிவா அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன்.

"அண்ணா, மோட்டர் எங்க?"

"அது... டிரைவர் பக்கத்து மோட்டர் எரிஞ்சப்ப, இதக் கழட்டி அங்க போட்டேன்."

"அப்ப போன வாரம் எதுக்கு சுவிட்ச் மாத்துனீங்க?"



"நீங்க கதவக் கழட்டுவீங்கன்னு நெனைக்கல தங்கச்சி."

நாளைக்கு ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்துக் கதிரைதான் எனக்கு. வணக்கம் சொல்வதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.