பொறாமைக்கு எத்தனை வாட்?

நான் நெடுநாளாக ஆசைப்பட்டுக் காத்திருக்கும் அதே கிராபிக்ஸ் கார்டை, இன்று வில்லியனூர்க் கடையில் என் ஓரகத்தி ஜெசிந்தா கையில் ஏந்தி நின்றாள். மகன் கணினியில் விளையாடுவதற்காம்.

கணினியை நானே முயன்று கற்றவள் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்திருந்தாள்.

“உன் பவர் சப்ளை இதத் தாங்குமாடி?” என்றேன்.

“வூட்லதான் இன்வெர்ட்டர் கீதேக்கா! பவருக்கு இன்னா கொறச்சல்?”

பவர் சப்ளை என்பது கணினிப் பெட்டிக்குள் இருக்கும் கருவி என்பதை அவள் அறியவில்லை. அவளுடையது நானூற்றைம்பது வாட். இந்தக் கார்டுக்கு அறுநூற்றைம்பது வேண்டும். நான் வாய் திறவாதிருந்தால், விளையாட்டு தொடங்கியதும் கணினி அணைந்துபோகும்.

சற்று நேரம் வாய் திறவாமலும் இருந்தேன். பிறகு என் கல்வி அதற்கு இடம் தரவில்லை, சொல்லிவிட்டேன்.

“அப்ப அதையும் பெரிசா ஒண்ணு குடுண்ணா” என்றாள் கடைக்காரரிடம், மிக இயல்பாக.

பொறாமைக்கு எத்தனை வாட் தேவைப்படும்? அறிந்தோர் தெரிவிக்கவும்.