படகுக்கு எதுக்குங்க ஆறுதல்?

உங்களில் யாராவது ஒரு நாட்டின் அரசவைக் கவிஞரை உங்கள் பழைய காரில் ஏற்றிப் போயிருக்கிறீர்களா? நான் போனேன். போன சனிக்கிழமை. பின்சீட்டில் கிடந்த குடை, வெங்காயப் பை எல்லாவற்றையும் டிக்கிக்குள் தள்ளிவிட்டு!

பெயர் டெல்ஃபின், பெண் கவிஞர். கரிபியன் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. அங்கே அரசாங்கமே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 'இனி நீங்கள்தான் தேசத்தின் கவிஞர்' என்று சில வருடங்களுக்குப் பதவி கொடுக்கும். அந்தப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் இவர். அன்று மாலை ஜெர்மனியின் பான் நகரில் அவருடைய கவிதை வாசிப்பு. பிராங்பேர்ட் விமான நிலையத்திலிருந்து அவரைக் கூட்டி வருவது என் பொறுப்பு.

ஒரே சிக்கல்... அதே நாள் பிராங்பேர்ட்டில் சிவம் அண்ணையின் மகள் அபிராமிக்குக் கல்யாணம். போகாவிட்டால் அண்ணை என்னை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார். கொஞ்ச நேரம் தலையைக் காட்டிவிட்டுப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். டெல்ஃபினுக்கு வந்த ஒரே சந்தேகம், அங்கே சாப்பாடு உண்டா என்பதுதான்.

வழியெல்லாம் பதவிக் கதைகள். அரசவைக் கவிஞர் என்றால் பொற்கிழி, பல்லக்கு என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அதெல்லாம் இல்லையாம். பாலம் திறந்தால் கவிதை. மீன் சந்தைக்குக் கூரை போட்டால் கவிதை. ஒருமுறை விமான ஓடுபாதையைப் பற்றி எழுதச் சொன்னார்களாம்... ஓடுபாதையில் என்ன கவிதை இருக்கிறது, சொல்லுங்கள்? அமைச்சர் பேசி முடித்ததும் இவர் வாசிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு சிற்றுண்டி. பதவி முடிந்த அன்றே, இனி எவர் வீட்டு விழாவுக்கும் கவிதை கிடையாது என்று முடிவெடுத்துவிட்டாராம்.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மாப்பிள்ளை கார்த்திக்குக் கோயம்புத்தூர், பிராங்பேர்ட்டில் ஐடி வேலை. அபிராமி யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவள். வலது பக்கம் கோயம்புத்தூர்க்காரர்கள், இடது பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர்களான நாங்கள், நடுவில் நடைபாதை — எல்லைக்கோடு மாதிரி. தாலி கட்டியாகிவிட்டது, ஆனால் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. மாப்பிள்ளையின் அம்மா தன் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அபிராமி அழாத குறை.

என்ன சண்டை என்று சிவம் அண்ணையை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்து சம்பந்தி வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

பிறகு, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டார். சொன்னேன். அண்ணை நேரே மைக்குக்குப் போய்விட்டார்.

"ஒரு நாட்டின்ர அரசவைக் கவிஞர் எங்கட பிள்ளையை வாழ்த்த வந்திருக்கிறா. இப்ப ஒரு கவிதை சொல்லுவா."

டெல்ஃபின் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நிச்சயம் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அபிராமி மேடையிலிருந்து இறங்கி வந்து, அவரிடம் மெதுவாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். கவிதைகூட வேண்டாம், இந்த மண்டபத்தை ஒருமுறை சிரிக்க வைத்தால் போதும் என்றாளாம்.

டெல்ஃபின் மைக்கை வாங்கிவிட்டார். கையில் காகிதம் இல்லை. வாயில் வந்ததை அவர் வரிவரியாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழாக்க வேண்டும். இரண்டு கரைகள், நடுவில் கடல், அதில் ஒரு படகு. அழகான கடல் என்பதை எங்கள் பேச்சில் 'வடிவான கடல்' என்றேன். இடது பக்கம் தலையாட்டியது. வலது பக்கம் கிசுகிசுத்தது. அடுத்த வரி — அவசரமில்லை, மெல்ல வா. நான் எனக்கு வாய்த்த தமிழில் சொன்னேன்: "ஆறுதலா வா, படகே."

வலது பக்கத்தில் ஒருவர் எழுந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமா.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. கல்யாண வீட்டுல படகுக்கு எதுக்குங்க ஆறுதல்? அதுக்கு என்ன துக்கம்?"

எங்கள் பேச்சில் ஆறுதலாக என்றால் பதறாமல், நிதானமாக என்று அர்த்தம், துக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். மாமா மெல்லத் திரும்பித் தன் அக்காவைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். அவர்கள் வரவேண்டிய விமானம் தாமதமாகி, போன் பண்ணிச் சொன்னபோது, சிவம் அண்ணை சொன்ன பதில் இதுதானாம் — 'பரவாயில்லை, ஆறுதலா வாங்கோ.'

"நாங்க என்ன அழுதுட்டா வர்றோம், இவரு ஆறுதல் சொல்றதுக்கு? எங்க பையன் இவங்களுக்கு ஆறுதல் பரிசுன்னு குத்திக் காட்டறாருன்னு நெனச்சுட்டேனுங்க."

சிவம் அண்ணையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயோ அம்மா... ஓடிப்பிடிச்சு வந்தா களைச்சுப்போவியள் எண்டெல்லோ அப்பிடிச் சொன்னனான்."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அடுத்து மாமா. பிறகு மண்டபமே! நடந்ததை நான் சொன்னதும் டெல்ஃபின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஆனால் கவிதை பாதியில் நிற்கிறதே? மாமா இன்னொரு மைக்கோடு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் 'வெளிக்கிடு' என்றால் அவர் 'கிளம்பு' என்பார். நான் 'கதை' என்றால் அவர் 'பேசு' என்பார். ஒரு வரிக்கு இரண்டு தமிழ், இரண்டுக்கும் கைதட்டல். டெல்ஃபினுக்குக் குஷி பிறந்துவிட்டது... முடிய வேண்டிய கவிதையை நீட்டிக்கொண்டே போனார். நடைபாதையைத் தாண்டி நாற்காலிகள் நகர்ந்தன. அபிராமி சிரித்த சிரிப்பில் கண்மை கன்னம்வரை வழிந்தது. அதைத் துடைத்துவிட்டது மாமியார்!

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தாமதமாகத்தான் பானுக்குக் கிளம்பினோம். காரில் டெல்ஃபின் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டேன். பதவியில் இருந்த காலம் முழுவதும் தன் கவிதைக்கு ஒரு ஆள்கூடக் குறுக்கே பேசியதில்லை, இன்றைக்குத்தான் ஒருவர் எழுந்து நின்று சந்தேகம் கேட்டார் என்றார். விருது வாங்கியவர் மாதிரி ஒரு பூரிப்பு அந்த முகத்தில்.

யோசித்துப் பார்த்தால் சரிதானே? கைதட்டுவதற்குக் காது தேவையில்லை...