கோழிக்கால் கிளி

ஜோசையா டாப்ஸ்காட் பிரிஸ்டல் நகரத்தில் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவன். ஒருநாள் ஒரு வியாபாரியின் கையெழுத்தை அவரைவிட அழகாகப் போட்டுவிட்டான். நீதிபதி அந்தத் திறமைக்குப் பதினான்கு வருடம் தண்டனை கொடுத்து, உலகத்தின் மறுகோடியான சிட்னித் துறைக்குக் கப்பலேற்றினார்.

அங்கே டாக்டர் ராக்சால் அவனைக் கண்டெடுத்தார். கைதிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்தவருக்குப் பிரியமெல்லாம் பறவைகள்மேல்தான். கண்ட இடத்தில் சுட்டுத் தள்ளும் அளவுக்குப் பிரியம். சுட்டதை ஜோசையா வரைவான். அடியில் டாக்டர் தம் பெயரைப் போட்டு லண்டன் கனவான்களுக்கு அனுப்புவார். அடுத்தவன் பெயரைத் தன் தாளில் எழுதினால் குற்றம். தன் பெயரை அடுத்தவன் தாளில் எழுதினால் அறிவியல். ஆண்டவர் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"லண்டன்காரங்க அசந்துபோற மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுடா. கவர்னர்கிட்டச் சொல்லி உனக்கு மன்னிப்பு வாங்கித் தர்றேன்" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஜோசையா உயிரோடு இருந்தான்.

உயிரோடு இருப்பதே பெரும்பாடாக இருந்த வருடம் அது. தானியக் கப்பல் வரவில்லை. அதனால் டாக்டர் வீட்டில் ஒரு வழக்கம்: பறவை முதலில் ஜோசையாவின் மேசைக்கு, பிறகு டார்க்கஸின் சட்டிக்கு. சமையல்காரி டார்க்கஸும் கைதிதான். அவள் வாயை அடைக்க மட்டும் எந்த நீதிபதியாலும் முடியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்யா? சீவிச் சிங்காரிச்சு அதுக்குக் கல்யாணமா பண்ணப் போற?"

"இறக்கை பாக்கி இருக்கு, டார்க்கஸ்."

"இறக்கையை நீயே வச்சுக்க. மிச்சத்தைக் குடு."

ஒரு சனிக்கிழமை டாக்டர் சிவப்பு நெற்றிக் கிளி ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்தார். யாருமே பார்த்திராத கிளி என்றார். அந்தக் கரையின் பூர்வகுடிகள் அதைத் தினமும் பார்த்தார்கள், பெயர்கூட வைத்திருந்தார்கள். டாக்டரின் 'யாருமே' என்ற கணக்கில் அவர்கள் வரவில்லை.

செத்த பறவைக்கு முதலில் மங்குவது கண்ணும் அலகும். அதனால் ஜோசையா தலையில் தொடங்கிக் கீழே இறங்குவான், கால் கடைசி. கால் மட்டும் மிச்சமிருந்தபோது ஞாயிறு ஆராதனைக்கு முரசு அடித்தார்கள். போகாத கைதிக்குச் சாப்பாட்டைக் குறைப்பார்கள். போனான். போதகர் பொறுமையைப் பற்றி, கேட்பவர்களின் பொறுமையெல்லாம் தீரும்வரை பேசினார்.

திரும்பி வந்தால் மேசை காலி. தலைவலி என்று, சமைக்க டார்க்கஸையும் நிறுத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட டாக்டர் எலும்பு ஒன்றைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

"புறா இன்னைக்குப் பஞ்சா வெந்திருக்கு" என்றார்.

ஜோசையா அடுப்படிக்கு ஓடினான். "கால் எங்கே, டார்க்கஸ்?"

"பன்னிக்குப் போட்டுட்டேன். நேத்து வந்த பறவை, இன்னுமா வரையிற?"

"நாளைக்கு லண்டன் போற கப்பல் கிளம்புது! என் மன்னிப்பே அதுலதான் இருக்கு!"

டார்க்கஸ் முற்றத்தைக் காட்டினாள். அவளுடைய ஒரே கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. "அவளுக்கும் ரெண்டு கால் இருக்கு, பாத்து வரைஞ்சுக்க. ஆனா அவமேல கை வச்சே, உன்னைச் சட்டியில போட்டுருவேன்."

ஜோசையா அதுவரை வரைந்ததெல்லாம் வாத்தும் கடற்பறவையும். கிளிக்கு விரல் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று அவனுக்குத் தெரியாது; மேசையில் கிடந்ததன் சுருங்கிய காலையும் அவன் உற்றுப் பார்த்திருக்கவில்லை. முன்னே மூன்று, பின்னே ஒன்று என்று கோழிக்காலை உள்ளபடி வரைந்துவைத்தான். டாக்டரோ தம் கையெழுத்து காய்ந்துவிட்டதா என்று மட்டும் உன்னிப்பாகப் பார்த்தார்.

ஒன்றரை வருடம் கழித்து லண்டனிலிருந்து பதில் வந்தது. கனவான்கள் கூத்தாடாத குறை. கிளியாகவும் கோழியாகவும் ஒரு புது இனம்! அதற்கு டாக்டரின் பெயரையே சூட்டி, இன்னும் ஒரு ஜோடி கேட்டிருந்தார்கள், கால் சேதமில்லாமல்.

"என் மன்னிப்பு, ஐயா?"

"அந்த ஜோடி கிடைக்கட்டும்டா. மறுநாளே வாங்கித் தர்றேன்."

ஆண்டவரே படைக்காத ஜோடியை எங்கே போய்த் தேடுவது? உண்மையைச் சொன்னால் மறுபடியும் மோசடி, மறுபடியும் விலங்கு. சொல்லாவிட்டால் சாகும்வரை தேடவேண்டியதுதான். ஜோசையா முழங்கால் வலிக்க ஜெபித்துவிட்டு டாக்டர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, அது கோழியோட கால். கிளியை... நீங்க சாப்பிட்டுட்டீங்க."

டாக்டர் தம்மை அறியாமல் வயிற்றைத் தடவினார்.

"வெயில்ல உனக்குப் புத்தி கலங்கிடுச்சு. அந்தக் கிளிக்கு அந்தக் கால்தான். லண்டன்லயே சொல்லிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"டார்க்கஸுக்கு, ஐயா."

அந்த வாரமே இருவருக்கும் மன்னிப்பு வந்தது, நன்னடத்தைக்காக. கூடவே ஆற்றின் மேல்பகுதியில், எந்தக் கனவானும் எட்டிப் பார்க்காத தூரத்தில், ஆளுக்கொரு துண்டு நிலம்.

படகில் ஏறும்போது டார்க்கஸ் கோழியை இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"அதை எதுக்கு?" என்றான் ஜோசையா.

"இவளுக்கும்தானே விஷயம் தெரியும்? விட்டுட்டுப் போனா, அந்த ஆள் இவளையும் தின்னுருவான்."