பொன்னாடையோடு கும்மி

பொங்கலை ஒட்டி வரும் பூ நோன்பன்று ஆவாரம்பூ பறித்து வந்து, தாராபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் கும்மியடிப்பார்கள். பையன்களுக்கு அன்று வேலை கரும்பு தின்பதும் கேலி செய்வதும்தான். சின்ன வயதில் ஒரு வருடம் நான் அக்காளுக்குப் பக்கத்தில் புகுந்து, அவளைப் போலவே குனிந்து நிமிர்ந்து கைதட்டினேன்.

"டேய், இவனுக்கு ஒரு பாவாடை எடுத்தாங்கடா!" என்றான் பெரியப்பா மகன்.

சிரிப்பு அடங்குவதற்குள் வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு தை மாதம் வந்தால் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். கைகள் தாமாகத் தட்டப் பார்க்கும். டவுசர் பைக்குள் போட்டுக்கொள்வேன். பிற்பாடு பேண்ட் பைக்குள்.

தாலுகா ஆபீஸ் உத்தியோகத்தில், எந்த மனு எந்த மேசையில் படுத்துத் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. என் சொந்த ஆசை எங்கே தூங்குகிறது என்பதும் தெரியும். அதை எழுப்புவதற்குத்தான் எந்த விதியிலும் இடம் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்று ஆர்.எஸ்.புரத்தில் குடியேறிய பிறகு, என் மனைவியின் ஊரான கிணத்துக்கடவில் கோயில் மைதானத்தில் கும்மி கற்றுத் தருகிறார்கள், ஆண் பெண் யாரும் சேரலாம் என்று கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன்.

"பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிக் குதிக்கப் போறீங்களாக்கும்?" என்றாள் மனைவி. "இடுப்புப் புடிச்சுக்கிட்டா நானு தைலம் தேச்சு உட மாட்டேனுங்க."

பாவாடைக் கதையைக் கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் அதை மறக்காமல் வைத்திருந்த அளவு பத்திரமாக எந்த ஆவணத்தையும் நான் பராமரித்ததில்லை.

காலை நடைக்கு வரும் நண்பர் தினமும் விசாரித்தார்: "ஏனுங்க சார், சலங்கை என்ன சைசுங்க?"

கேலி செய்ய அவர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. ஆட எனக்கு மட்டும் எதற்கு அனுமதி?

பயிற்சி முடிந்து அரங்கேற்றம் வந்தது. ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வாங்கத் தெரியாமல் கும்மி ஆசிரியர் அலைந்துகொண்டிருந்தார். நான் ஒரே நடையில் முடித்துக் கொடுத்தேன். செய்திருக்கக் கூடாது.

அன்று மற்ற ஆண்களைப் போல மஞ்சள் சட்டையும் வேட்டியுமாக வட்டத்தில் நின்றிருந்தேன். ஆசிரியர் மைக்கைப் பிடித்தார். "அனுமதி வாங்கிக் குடுத்த ஐயா மேடைக்கு வரோணுமுங்க!"

போனேன். பொன்னாடை போர்த்தி, நாற்காலியைக் காட்டினார்கள்.

"நான் ஆடணுமே" என்றேன்.

"அட, நீங்க போயி மண்ணுல குதிச்சா நல்லாவாங்க இருக்குது? பெரியவிங்க, உக்காருங்க."

பெரியப்பா மகன் என்னை வெளியேற்றக் கேலி செய்ய வேண்டியிருந்தது. இவர்கள் மரியாதையாலேயே காரியத்தை முடித்துவிட்டார்கள். கேலி என்றால் கோபித்துக்கொள்ளலாம். மரியாதைக்கு மேல்முறையீடு கிடையாது.

பாட்டு தொடங்கியது. நான் நின்றிருந்த இடத்தில் இருந்த இடைவெளியை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து மூடிக்கொண்டார்கள். வட்டம் சுற்றியது, குனிந்தது, நிமிர்ந்தது. பொன்னாடைக்குள் என் கைகள் மறுபடியும் தட்டப் பார்த்தன. இந்த முறை போட்டுக்கொள்ள வேட்டியில் பையும் இல்லை.

எழுந்து இறங்கினேன்.

முன்வரிசையில் இருந்த மனைவி பார்த்துவிட்டாள். "ஏனுங்க, பாவாடை எடுத்தாரட்டுங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

"எடுத்துட்டு வா, அம்மணி" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குள் போனேன்.

பயிற்சியில் என் பக்கத்தில் ஆடும் பெண் கைதட்டலை நிறுத்தாமலே நகர்ந்து இடம் விட்டாள். "எடது காலுங்க சார், எடது!" என்றாள். வலது காலைத்தான் வைத்திருந்தேன். பொன்னாடை சரிந்து எவர் காலடியிலோ போயிற்று. அடுத்த அடி சரியாக விழுந்தது.

ஆடும்போது அக்காள் நினைவாகவே இருந்தது. தாராபுரத்தில் இருக்கிறாள், முழங்கால் மடங்குவதில்லை, வரவில்லை. அவளுடைய வளையல் சத்தம் என் இடது காதுக்குப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் பெயர் தெரியாத ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார், என்னைவிட நன்றாகவே.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். எனக்கும் மூச்சு வாங்கியது. ஆனாலும் நகரவில்லை. இன்னொரு பாட்டு போட மாட்டார்களா என்று வட்டம் இருந்த இடத்திலேயே நின்றேன்.