மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பெட்டி

இருபத்தாறு வயதில் ஓர் ஆண்பிள்ளைக்கு என்னென்னவோ ஆசை வரலாம். எனக்கு வந்தது, டிவியில் சொருகி விளையாடும் வீடியோ கேம் மேல். சேலத்தில் கல்லூரி நண்பன் வீட்டில் ஒரு மத்தியானம் விளையாடிப் பார்த்தேன். குச்சியைத் திருப்பினால் திரையில் விமானம் திரும்பியது. என் பேச்சைக் கேட்டு உலகத்தில் திரும்பிய முதல் பொருள் அதுதான்.

பி.ஏ. முடித்துச் சும்மா இருந்தேன். டியூஷன் பணம் கையில் இருந்தால் டீக்கடைக்குப் போய்விடும் என்று, ஒரு பெட்டை ஆடு வாங்கிக் கல்வராயன் மலையில் தெரிந்த குடும்பத்திடம் வாரத்துக்கு விட்டேன். அவர்கள் மேய்ப்பார்கள், பிறக்கும் குட்டிகளில் பாதி எனக்கு. மாதமொரு முறை பஸ் ஏறிப் போய் ஆட்டின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னா சார், நீங்க மொறைச்சா அது சீக்கிரம் போட்டுடுமா?" என்று அந்த வீட்டு அம்மா சிரிப்பார்.

வீட்டில் டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பணம் சேர்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். பெரியப்பா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து, தாயையும் என் பங்குக் குட்டிகளையும் விற்று, கள்ளக்குறிச்சி ரேடியோ கடைக்காரரிடம் வீடியோ கேமுக்குப் பணம் கொடுத்தேன். மெட்ராஸிலிருந்து வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி–தியாகதுருகம் சாலையில் இருக்கிறது. புளியமரத்தை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். அவர்கள் என்ன அவர்கள், ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தவனே நான்தான்.

காலையில் மெட்ராஸ் பக்கமிருந்து வந்த பஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. பயணிகள் இறங்கினார்கள். பெரியப்பா மரத்தின் மேல் ஏறி, என் கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"பாருங்க! பி.ஏ. படிச்சவன். வேலை இல்லாம, ஆடு வளத்துப் பரீட்சைக்குப் பணம் சேத்துக்கினு கீறான். இவன மாரிப் புள்ளைங்களுக்குத்தான் மறிக்கிறோம்!"

கூட்டத்துக்குள்ளிருந்து ரேடியோ கடைக்காரர் ஒரு பெட்டியை உயரத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி! உன் வீடியோ கேமு வந்துட்ச்சிப்பா!"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "இன்னாடா கேமு?"

"தெரிலிங்க பெரிப்பா. வேற யாரையோ சொல்றாரு."

"உன்னப் பாத்துதான்டா சொல்றாரு" என்றான் கீழே நின்ற ஒருவன்.

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

கடைக்காரருக்கு அது கேட்டுவிட்டது. பெட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். பஸ் பின்னாலேயே போய்த் திரும்பியது. கடைசி ஜன்னலில் பெட்டியின் மேலிருந்த படம் தெரிந்தது: சிவப்பு விமானம். நான் தொண்டை கிழியக் கோஷம் போட்டேன். கண்ணில் நீர் வந்தது. "என்னா உணர்ச்சி பாரு புள்ளைக்கு" என்றார் பெரியப்பா.

பாதை திறந்த அன்றே கடைக்கு ஓடினேன்.

"நீதான் யாருன்னே தெரியாதுன்னுட்டியே. பஸ்ஸு இல்லாம தியாகதுருகத்துல மாட்டிக்கினேன். தங்கின வூட்டுப் பசங்க பொட்டிய உடல. அவங்களுக்கே வித்துட்டேன்." பணத்தை அப்படியே திருப்பித் தந்தார்.

என் கையில் பணத்தைப் பார்த்த பெரியப்பா, என்னையும் அழைத்துப் போய் அன்று மாலையே டைப்ரைட்டிங்கில் சேர்த்துவிட்டார்.

அதன்பிறகு காரணமே இல்லாமல் தியாகதுருகத்தில் இறங்கித் தெருத்தெருவாக நடப்பேன். ஒருநாள் கேட்டுவிட்டது: டிய்யூன், டிய்யூன். வாசலில் நின்றேன். உள்ளே ஒரு பையன் விமானத்தை வலப்பக்கமே திருப்பித் திருப்பி மோதிக்கொண்டிருந்தான். இடது, இடது என்று என் கட்டை விரல் துடித்தது.

ஓர் அம்மா வெளியே வந்தார். "இன்னாங்க வேணும்?"

"தண்ணி" என்றேன்.

சொம்பு நிறையக் கொண்டுவந்தார். உள்ளே பார்த்தபடியே, மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடித்தேன்.